மலிவு உடையை எடுப்பாகக் காட்ட ஆறு வழிகள்: கையிலிருக்கும் பணத்தை எதில் போடுவது?

ரெடிமேட் கடையில் நியாயமான விலைக்கு எடுத்த சட்டையும் பேண்ட்டும் அலமாரியில் இருக்கின்றன. போட்டால் மோசமாக இல்லை, ஆனால் எடுப்பாகவும் இல்லை. கொஞ்சம் பணம் ஒதுக்க முடியும். அதை டைலரிடம் கொடுப்பதா, அடுத்த முறை நல்ல துணியாகப் பார்த்து எடுப்பதா, பட்டனை மாற்றுவதா, ஸ்டீமர் வாங்குவதா, செகண்ட் ஹேண்டில் உயர்தர உடையைத் தேடுவதா, இல்லை நல்ல ஷூவும் பையும் வாங்கிச் சமாளிப்பதா? வாசகர்கள் இதைப் பல விதமாகக் கேட்கிறார்கள். எல்லாமே பயன் தரும் வழிகள்தான் என்பதால்தான் குழப்பம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

வழிகளுக்குள் போவதற்கு முன், மலிவு உடை எந்த இடத்தில் மலிவாகிறது என்று பார்த்துவிடலாம். துணியில் மிச்சம் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். நேரத்தில் மிச்சம் பிடிப்பது வெளியே தெரிவதில்லை. நன்றாகத் தைக்கும் இடத்தில் ஒரு தையல் முடிந்ததும் அதை அயர்ன் வைத்துப் படிய வைத்த பிறகுதான் அடுத்த தையலுக்குப் போவார்கள். கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட் இருக்கும் இடமே தெரியாதபடி கட்டத்தோடு கட்டம் சேர்த்து வெட்டுவார்கள். அதில் நேரமும் போகும், துணியும் வீணாகும். நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்கு 18 தையல் அல்லது அதற்கு மேலும் இருக்கும். மலிவுச் சட்டையில் 10, 12-லேயே முடித்துவிடுவார்கள், ஏனென்றால் தையல் நீளமாக இருந்தால் மெஷின் வேகமாக ஓடிவிடும். கடைசியில் நூல் பிசிறை வெட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

ஆக, கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்: தொழிற்சாலையில் விட்டுப்போன நேரத்தில் எந்தப் பகுதியை நாம் பிறகு திருப்பிப் போட முடியும்? அளவை, மடிப்பை, பிசிறைத் திருப்பிப் போடலாம். தோளின் வெட்டையும் துணியின் தரத்தையும் முடியாது. முடிவு எடுக்க இந்தப் பிரிவினை ரொம்ப உதவும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது. அறையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு உடையின் அளவும், அது விழும் விதமும், கசங்கலும், நிறமும் தெரியும். பட்டன் தெரியாது. கை நீட்டும் தூரத்துக்கு வந்தால்தான் துணியின் தரம், தையல், பட்டன், உரசலில் துணிமேல் பூத்த சிறு நூல் உருண்டைகள் எல்லாம் கண்ணில் படும். நம்மைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள். அதனால் தூரத்தில் தெரியும் மாற்றத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.

இரண்டாவது, எத்தனை துவைப்பைத் தாங்கும். மூன்றாவது, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதற்குப் பயன்படுமா, அல்லது புதிதாக வாங்கினால்தானா. நான்காவது மறைசெலவு: அலைச்சல், நேரம், டிரைகிளீனிங், கெட்டுப்போகும் அபாயம். திருத்தியது பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | எங்கிருந்து தெரியும் | எவ்வளவு நிலைக்கும் | இருக்கிற உடைக்கு உதவுமா | பெரிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| டைலரிடம் அளவு திருத்துவது | தூரத்திலிருந்தே | உடை இருக்கும் வரை | உதவும், தோள் சரியாக இருந்தால் | அலைச்சல். வெட்டிவிட்டால் மீளாது |
| துணி பார்த்துக் குறைவாக வாங்குவது | அருகில் நன்றாக, தூரத்தில் ஓரளவு | நீண்ட காலம் | உதவாது | பொறுமை |
| பட்டன், லேபிள், பிசிறு | அருகில் மட்டும் | நீண்ட காலம் | உதவும் | அதிகம் இல்லை |
| நீராவி, இஸ்திரி, துவைக்கும் முறை | தூரத்திலிருந்தே | அடுத்த துவைப்பு வரை | எல்லாவற்றுக்கும் | வாரா வாரம் நேரம் |
| செகண்ட் ஹேண்ட் உயர்தர உடை | இரண்டும் | உடையைப் பொறுத்தது | உதவாது | தேடல், கிளீனிங், மறுபடி டைலர் |
| நிறப் பொருத்தம், ஷூ, பை | தூரத்திலிருந்தே | ஷூ, பையின் ஆயுள் வரை | உதவும் | ஆசை நிற்காது |

## டைலரிடம் அளவு திருத்துவது

ரெடிமேட் உடையை ஒரு சராசரி உடம்புக்கு வெட்டுகிறார்கள். தோள் சரியாக உட்காரும் சட்டை இடுப்பில் தொளதொளவென்று இருக்கும். தொடை சரியாக இருக்கும் பேண்ட் பின்னிடுப்பில் இடைவெளி விடும். விலை உயர்ந்த உடை போட்டவரைப் பார்த்ததும் 'என்னமோ நல்லா இருக்கே' என்று தோன்றுவதற்கு முதல் காரணம், துணி அவர் உடம்பில் தேவையில்லாமல் தொங்கவும் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை என்பதுதான்.

குறைந்த கூலியில் பெரிய மாற்றம் தருகிற வேலைகள் சிலதான். பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது. முழங்காலுக்குக் கீழே கால் பகுதியைக் கொஞ்சம் குறுக்குவது. சட்டையின் பக்கத் தையலைப் பிடிப்பது, அல்லது முதுகில் இரண்டு டார்ட் (துணியைக் கூராக மடித்து உள்ளே பிடிக்கும் தையல்) போடுவது. கை நீளத்தைக் குறைப்பது. ஸ்கர்ட் அல்லது கவுனின் நீளத்தைக் காலின் ஒல்லியான இடத்தில் முடியும்படி வைப்பது. கோட் கையை மணிக்கட்டு எலும்பு வரை ஏற்றி, உள்ளே போட்டிருக்கும் சட்டையின் கஃப் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி செய்தால், அந்தக் கோட்டின் முகமே மாறிவிடும்.

பேண்ட் நீளம் குறைக்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மலிவு பேண்ட்டின் அடியில் மெல்லிய மடிப்பு மடித்து, மேலே தெரியும்படி ஒரு மெஷின் தையல் ஓட்டியிருப்பார்கள். அதற்குப் பதிலாக 4 செ.மீ. அளவுக்கு உள்மடிப்பு விட்டு, வெளியே நூல் தெரியாதபடி அடிக்கச் சொல்லுங்கள். தையல் மறைவது ஒரு லாபம். அதைவிட முக்கியம், மடிப்பின் கனம் துணியைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் பேண்ட் நேராக விழும். ஜீன்ஸ் மட்டும் வேறு மாதிரி: அதன் பழைய அடிமடிப்பைத் தனியே எடுத்து, நீளம் குறைத்த பிறகு மறுபடி இணைக்கச் சொன்னால் வெளுத்த ஓரம் அப்படியே இருக்கும்.

இனி டைலரால் ஆகாதவை. தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். அதைத் தாண்டி இறங்கினால் கையைக் கழற்றி, தோளை வெட்டி, மறுபடி பொருத்த வேண்டும். அதற்கு ஆகும் கூலி மலிவுச் சட்டையின் விலையையே தொட்டுவிடும். செய்தாலும் பல சமயம் சரியாக வராது. கோட்டின் நீளத்தை அதிகம் குறைத்தால் பாக்கெட்டும் பட்டனும் கீழே போய்விட்ட மாதிரி தெரியும். பேண்ட் இடுப்பை 5 செ.மீ.க்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். அகலப்படுத்துவது இன்னும் கடினம். உள்ளே திருப்பிப் பாருங்கள்: மலிவு உடையில் தையலுக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர்தான் விட்டு ஓவர்லாக் (ஓரம் பிரியாமலிருக்கப் போடும் தையல்) அடித்திருப்பார்கள். பிரித்துவிட அங்கே துணியே இருக்காது. அதனால் உடம்பின் அகலமான பகுதிக்குச் சரியாக இருக்கும் அளவை எடுத்து, மற்ற இடங்களைப் பிடித்துக்கொள்வதுதான் முறை.

மறைசெலவில் முதலாவது, துவைக்காமல் கொடுப்பதால் வரும் நஷ்டம். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 75 செ.மீ. உள்கால் நீளத்துக்கு 3 சதவீதம் என்றாலே 2 செ.மீ.க்கு மேல் போய்விடும். ஆகவே முதலில் துவைத்துக் காய வைத்து, பிறகு டைலரிடம் போங்கள். உடல் எடை ஏறி இறங்குபவர்கள் பிடித்த இடத்தில் மிச்சத் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அளவு பார்க்கப் போகும்போது அந்த உடையோடு போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போவதும் அவசியம்.

யாருக்கு இது முதல் தேர்வு? சராசரியைவிட உயரமானவர், குட்டையானவர், தோளுக்கும் இடுப்புக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உள்ளவர், அலுவலக உடை போடுபவர், இவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் இதைச் சொல்வேன். டி-சர்ட் மாதிரி பின்னல் துணிக்கு வேண்டாம். அது இழுபடும் துணி. சாதாரண நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். தளர்வாகவே வடிவமைத்த உடையைப் பிடித்துத் தைப்பதும் அதன் அழகைக் கெடுக்கும்.

## துணி பார்த்து, எண்ணிக்கை குறைத்து வாங்குவது

ஐந்து சட்டைக்கு ஒதுக்கிய பணத்தில் அதே மாதிரிக் கடைகளிலேயே மூன்று நல்ல சட்டை எடுப்பது என்ற வழி இது. இங்கே நாம் கொடுப்பது கடையில் செலவிடும் நேரம்.

லேபிளில் '100% பருத்தி' என்று இருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பருத்தியில் இழையின் நீளம்தான் பெரிய விஷயம். சாதாரணப் பருத்தி இழை 25 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். மிக நீள இழைப் பருத்தி என்பது சுமார் 35 மி.மீ. அல்லது அதற்கு மேல். இழை நீளமாக இருந்தால் நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் குறையும். துணி வழவழப்பாகவும் மெல்லிய பளபளப்போடும் இருக்கும், எளிதில் பூக்காது. இதை லேபிளில் அபூர்வமாகத்தான் போடுவார்கள். ஆனால் துணியை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும் பிசிறு தெரியும். அது தெரிந்தால் சில துவைப்பிலேயே பழசாகிவிடும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் உண்டு. துணியைக் கைக்குள் பத்து எண்ணும் வரை கசக்கிப் பிடித்து விடுங்கள். கசங்கல் அப்படியே நின்றால் நாள் முழுக்க அப்படித்தான் இருக்கும். தையலின் இரண்டு பக்கத்தையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தையல் சீக்கிரம் விடும். கட்டம், கோடு போட்ட துணியானால் பக்கத் தையலிலும் பாக்கெட்டிலும் கோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால், அதே கடையில் அதே விலைக்கு ஒற்றை நிறத்தில் எடுப்பது எப்போதும் லாபம், ஏனென்றால் ஒற்றை நிறத்தில் இந்தக் குறை தெரிய வழியே இல்லை. டி-சர்ட்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று குறிப்பிட்டிருந்தால் பாருங்கள். 140 கிராம் என்பது மெல்லிசு, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். 180-க்கு மேல் போனால் துணி உடம்பில் ஒட்டாமல் தன் வடிவத்தில் நிற்கும்.

பாலியெஸ்டர் என்றாலே ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கனமான, மங்கலான மேற்பரப்புள்ள பாலியெஸ்டர் கிரேப் நன்றாக விழும், கசங்காது. பேண்ட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும் அருமையான துணி. தவிர்க்க வேண்டியது மெல்லிய, பளபளக்கும் சாட்டின் வகை. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் துணி விழும் அழகு பட்டுக்கு நெருக்கமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது நனைந்தால் வலு கணிசமாகக் குறையும், சுருங்கவும் செய்யும். முறுக்கிப் பிழிந்தால் போச்சு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த பின்னல் துணியில் உருண்டை பூத்தால் உதிராமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் உறுதியான பாலியெஸ்டர் இழை அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அக்குளிலும் பை உரசும் இடுப்பிலும் அது முதலில் தெரியும்.

பெரிய தள்ளுபடி போடும் பிராண்ட் அவுட்லெட் பற்றியும் கேட்கிறார்கள். சில பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தரம் குறைத்துத் தனியாகத் தைக்கின்றன. அட்டையில் அடித்துவிட்ட பழைய விலையைப் பார்த்து மயங்காமல், மேலே சொன்ன அதே சோதனைகளை அங்கேயும் செய்யுங்கள்.

இந்த வழி வெல்வது அருகில் பார்க்கப்படும் உடைகளில்: டி-சர்ட், ஸ்வெட்டர், வெள்ளைச் சட்டை. இவற்றில் துணியே எல்லாம். டைலரால் துணியை மாற்ற முடியாது. அலமாரி ஏற்கெனவே நிறைந்திருப்பவருக்கு மட்டும் இது அவசரமான வழி இல்லை.

## பட்டன், லேபிள், நூல் பிசிறு

முதலில் காசு செலவில்லாதவை. கோட்டின் பின்வெட்டை மூடி, பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கும் நூல், கொண்டுபோகும்போது மடங்காமல் இருப்பதற்கான தற்காலிகத் தையல். அதைப் பிரித்துவிட வேண்டும். பலர் அதோடேயே நடமாடுகிறார்கள். கோட் கையின் வெளிப்பக்கத்தில் தைத்த பிராண்ட் துண்டும் அப்படித்தான். தோளிலிருந்து எட்டிப் பார்க்கும் ஹேங்கர் நாடாவை வெட்டுங்கள். காஜாவைச் சுற்றியுள்ள நூல் பிசிறைச் சிறு கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள், இழுக்காதீர்கள். கவுனோடும் பேண்ட்டோடும் இலவசமாக வரும் மெல்லிய பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அப்புறம் பட்டன். சிப்பி, கொம்பு, தென் அமெரிக்காவின் தாகுவா பனைக் கொட்டையில் செய்யும் கொரோசோ என்று நல்ல பட்டன்கள் உண்டு. சட்டைப் பட்டன் பெரும்பாலும் 11 மி.மீ. விட்டத்தில் இருக்கும் என்று நினைத்துக் கண்ணை மூடி வாங்காமல், பழைய பட்டனைக் குறுக்காக அளந்து அதே விட்டத்தில் வாங்குங்கள். தடிமனாக இருந்தால் காஜாவில் நுழையாது. சிப்பிப் பட்டன் வாஷிங் மெஷினில் ஓரம் உடையக்கூடும். சட்டைக்கு எட்டு, பத்து பட்டன் வாங்கி மாற்றுவதைவிட, மூன்று நான்கு பெரிய பட்டன் உள்ள கோட்டிலோ கார்டிகனிலோ மாற்றுவதில்தான் பலன் அதிகம். தங்க நிறப் பூச்சுப் பட்டன் இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். பூச்சு தேய்ந்ததும் உடை முழுவதையும் அது கீழே இழுத்துவிடும். துணி நிறத்திலேயே ஒரு பட்டன் போதும்.

## நீராவி, இஸ்திரி, துவைக்கும் முறை

பணம் மிகக் குறைவாக இருப்பவர் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. தொழிற்சாலையில் தையலுக்குத் தையல் படிய வைக்காமல் விட்ட வேலையை இங்கே நாமே செய்கிறோம்.

ஸ்டீமரா, இஸ்திரிப் பெட்டியா என்று கேட்டால், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நீராவி வரும் இஸ்திரிப் பெட்டி. ஸ்டீமர் சுருக்கத்தைத் தளர்த்தும். கவுன், ஸ்வெட்டர், தொங்கும் துணிகளுக்கு நல்லது. ஆனால் காலர் முனை, பேண்ட்டின் நடுமடிப்பு, சட்டையின் பட்டன் பட்டி, இவற்றுக்கு எதிரே அழுத்தம் வேண்டும். அதை ஸ்டீமர் தராது. புதுச் சட்டையை உள்ளே திருப்பி, பக்கத் தையல்களையும் அடிமடிப்பையும் நீராவியோடு அழுத்திப் படிய வையுங்கள். நெளிந்து நிற்கும் பட்டன் பட்டியும் சுருங்கிய தையலும் ஓரளவு நேராகிவிடும்.

பெட்டியிலும் லேபிளிலும் உள்ள புள்ளிக் குறிகளுக்கு அர்த்தம் உண்டு. ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. பாலியெஸ்டரையும் அடர்நிறத் துணியையும் அதிகச் சூட்டில் நேரடியாகத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறிவிடும், அது திரும்பப் போகாது. மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டோ, உள்பக்கம் திருப்பியோ தேயுங்கள். மலிவு பேண்ட்டின் பாக்கெட் விளிம்பில் அந்தப் பளபளப்பு தெரிந்தால் உடை பழசு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

துவைப்பதில் மூன்று பழக்கம் போதும்: உள்ளே திருப்பிப் போடுவது, ஜிப்பை மூடுவது, தண்ணீரை 30 டிகிரிக்கு மேல் விடாமல் இருப்பது. கறுப்புத் துணி வெளுப்பதற்கு உரசலும் ஒரு பெரிய காரணம் என்பதால், உள்ளே திருப்பிப் போடுவதிலேயே வித்தியாசம் தெரியும். மெல்லிய கம்பி ஹேங்கர் தோளில் முட்டு எழுப்பும். அகலமான ஹேங்கருக்கு மாறுங்கள். ஸ்வெட்டரைத் தொங்கவே விடாதீர்கள், மடித்து வையுங்கள்.

உருண்டை எடுக்கும் சிறு மெஷின் நல்ல முதலீடு. ஆனால் ஒவ்வொரு முறையும் அது துணியிலிருந்து கொஞ்சம் இழையை எடுத்துவிடுகிறது என்பதால் மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் பயன்படுத்துவது நல்லது. தையல் ஓரத்தில் அழுத்தினால் ஓட்டை விழும்.

மறைசெலவு ஒன்றே ஒன்று, நேரம். காலையில் கிளம்பும் அவசரத்தில் யாராலும் முடியாது. வாரத்தில் ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் தேய்த்து மாட்டிவைக்க முடியாதவர், இஸ்திரி கேட்காத துணியாகப் பார்த்து வாங்குவதே மேல். கனமான கிரேப்பும் பின்னல் துணியும் அவருக்கானவை.

## செகண்ட் ஹேண்டில் உயர்தர உடை

ஒரு மலிவுக் கோட்டின் விலையில், நன்றாகத் தைத்த பழைய கோட் கிடைக்கும். கோட்டைப் பொறுத்தவரை இதை நான் பலமாகப் பரிந்துரைக்கிறேன், அதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. மலிவுக் கோட்டின் முன்பகுதி விறைப்பாக நிற்பதற்கு உள்துணியைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். துவைப்பும் டிரைகிளீனிங்கும் ஆக ஆகப் பசை விட்டு, மார்புப் பகுதியில் குமிழ் குமிழாக எழும்பும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது. உயர்தரக் கோட்டில் அந்த உள்துணியை ஒட்டாமல் நூலால் தைத்துப் பிடித்திருப்பார்கள். அதனால் உடம்போடு வளையும். கீழ்ப்பட்டன் அருகே முன்துணியையும் பின்துணியையும் விரல்களால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவது அடுக்கு ஒன்று தனியாக நழுவினால் அது தைத்தது.

பழைய உடையில் முதலில் பார்க்க வேண்டியவை அக்குள், காலர் மடிப்பு, உள்தொடை, கை முனை. பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அளவு எண்ணை நம்பவே கூடாது. ஒரே எண் காலத்துக்குக் காலம், பிராண்டுக்குப் பிராண்ட் வேறு. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஓர் உடையின் தோள், மார்பு, நீளம் மூன்றையும் அளந்து குறித்து வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிடுங்கள்.

வாங்கிய விலையோடு டிரைகிளீனிங்கையும் டைலர் கூலியையும் சேர்த்தால்தான் உண்மையான விலை. அடுத்த வாரம் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது என்பவருக்கு இந்த வழி ஒத்துவராது. தேடுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கும், எப்போதோ ஒருமுறை தேவைப்படும் கோட்டுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

## நிறப் பொருத்தம், ஷூ, பை

நிறத்துக்குச் செலவே இல்லை. ஒரே நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளை மேலிருந்து கீழ் வரை போடுவது, கண்ணை எங்கும் தடுக்காமல் போகவிடும். அடர் நீலம், சாம்பல், பழுப்பு, வெண்மஞ்சள் போன்றவை மலிவுத் துணியின் குறையை மறைக்கும். கறுப்பும் மறைக்கும் என்று சொல்வார்கள். புதிதாக இருக்கும்வரை சரி. வெளுக்கத் தொடங்கினால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வேறு வேறு இடத்தில் வாங்கிய கறுப்புக் கோட்டையும் கறுப்பு பேண்ட்டையும் ஜோடி சேர்க்காதீர்கள். கடையின் விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது, பகல் வெளிச்சத்தில் ஒன்று நீலம் சாய்ந்தும் இன்னொன்று சிவப்பு சாய்ந்தும் நிற்கும். சாயம் வேறு என்பதால் வரும் வித்தியாசம் இது.

ஷூவும் பையும் நல்லதாக இருந்தால் உடையையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் பொருந்தாத பேண்ட்டுக்குக் கீழே நல்ல ஷூ இருந்தால், கண் பேண்ட்டைத்தான் பார்க்கும். அளவு சரியான பிறகே இதற்கு வாருங்கள். வாங்கும்போது பெரிய லோகோ இல்லாததாக, அலங்கார உலோகம் குறைந்ததாக, ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே நல்ல தோல் ஷூ வைத்திருப்பவர் புதிது தேட வேண்டாம். பாலிஷும் தேய்ந்த குதிகாலை மாற்றுவதும் போதும்.

## எந்த வரிசையில் செலவு செய்வது

என் கணக்கில் முதலில் வருவது நீராவியும் பிசிறு வெட்டுவதும், ஏனென்றால் அலமாரியில் உள்ள அத்தனை உடைக்கும் ஒரே நேரத்தில் பலன். அடுத்து டைலர், அதுவும் வாரந்தோறும் போடும் நான்கைந்து உடைக்கு மட்டும். திருத்தும் கூலி உடையின் விலையில் பாதி ஆகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். நான் பார்ப்பது அந்த உடையை எத்தனை முறை போடுவீர்கள் என்பதைத்தான். வாரம் ஒருமுறை இரண்டு ஆண்டு போடும் பேண்ட் நூறு முறை வெளியே போகிறது. அந்தக் கூலியை நூறால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போடும் உடைக்கு அதே கூலி வீண்.

மூன்றாவது, இனி வாங்கும் ஒவ்வொன்றிலும் துணிச் சோதனை. பட்டனும் ஷூவும் அதற்குப் பிறகு. கோட் தேவைப்படுகிறவர் மட்டும் இந்த வரிசையை விட்டு நேராகச் செகண்ட் ஹேண்டுக்குப் போகலாம்.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக, அவசரத்தில் எடுப்பாக வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஒற்றை நிற உடை, நீளம் மட்டும் திருத்தம், நன்றாகத் தேய்த்தல். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

## எந்த வழியிலும் தேறாதவை

சில பொருள்களை மலிவில் வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்யவே முடியாது. பாலியூரித்தேன் பூசிய போலித் தோல் கோட்டும் பையும் அதில் முதலாவது. காற்றின் ஈரப்பதமே அந்தப் பூச்சைச் சிதைக்கும். போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். பாக்கெட்டின் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிய வெள்ளை பேண்ட், தோள் தாண்டித் தொங்கும் கோட், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்ட டி-சர்ட், இவையும் அப்படியே. அந்த முறுக்கு, துணியை நேராக வெட்டாததாலோ பின்னல் நூலின் முறுக்காலோ வருவது. கடையில் மடித்து வைத்திருக்கும்போது கண்ணுக்குப் படாது. அதனால் டி-சர்ட்டை விரித்து, இரண்டு பக்கத் தையலும் நேராகக் கீழே இறங்குகிறதா என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.